கடைசி ரீலுக்கு முன் எழும்பிப் போனவர்

கூட்டத்தில் எழும்பிக் கதைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குமராக இருந்த காலத்திலும் அப்படித்தான், காது மந்தமாகிவிட்ட இப்போதும் அப்படித்தான். ஆகவே பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு கவியின் கதையைச் சொல்லக் கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழைகளை என் தம்பியின் மகள் றிஸானா திருத்துவாள். அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இந்த வில்லங்கத்தை என் தலையில் ஏற்றியவளும் அவள்தான்.

போன மாதம் அவளுடைய பள்ளிக்கூடத்தில் பழைய கவி பாடும் போட்டி நடந்தது. ஒரு பிள்ளை மேடையில் ஏறி இப்படிப் பாடியிருக்கிறாள்:

இருட்டுக்குள்ள ஒரு செருமல் – அது
ஆருடகா தெரியுமாகா?
வெளிச்சத்துல அதே செருமல் – படம்
வேணாமெண்டு சொல்லுதுகா!

சபை சிரித்திருக்கிறது. உடனே முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் எழும்பி, "இது எங்கட மூத்தவாப்பா பாடின கவி. தன்னையே பகிடி பண்ணிப் பாடுற அளவுக்குப் பெரிய மனசு அவருக்கு" என்றாராம். அவர் பெரிய மரைக்காரின் பேரன். மரைக்கார் என்றால் பள்ளிவாசல் காரியங்களைப் பார்க்கும் தலைவர்களில் ஒருவர். அந்தக் காலத்தில் அவர் சொல்தான் ஊருக்குச் சட்டம். அவர் அப்படிச் சொன்னதும் பின்வரிசையில் இருந்து கவிக்காரி பாத்தும்மாவின் பேத்தி எழும்பி, "பச்சப் பொய்! இது எங்கட மூத்தும்மாட கவி. அவ பாடித்தான் ஊருக்கே தெரியும்" என்று கத்தியிருக்கிறாள். ஒலிவாங்கியை அவர் இழுக்க இவள் இழுக்க, போட்டி அதோடு நின்றுபோனது.

றிஸானா நேரே என்னிடம் வந்தாள். "மாமி, நீங்க அந்தப் படக் கொட்டகையிலதானே வேலை செய்தீங்க. சொல்லுங்க, அது ஆருட கவி?"

சோறு வடிக்க வேண்டும் என்று எழும்பிப் போய்விட்டேன். சோறு எப்போதோ வடித்தாயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. படுத்தால் எழும்புகிறேன், எழும்பினால் எதற்கு எழும்பினேன் என்று நிற்கிறேன். எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது என்று எனக்கு ஒரு கட்டளை இருந்தது. அந்தக் கட்டளையின்படி இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். ஏன் என்பது கடைசியில் விளங்கும்.

கல்முனையில் தகரக் கூரை போட்ட ஒரு படக் கொட்டகை அப்போது இருந்தது. பெரிய வெள்ளம் வருவதற்கு முந்திய வருசங்கள். மாப்பிள்ளை என்று நாங்கள் சொல்லும் என் புருசன் காய்ச்சலில் மவுத்தாகி, இத்தா என்னும் விதவை மறைவிருப்பும் முடிந்து, வீட்டில் கண் தெரியாத உம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். கொட்டகையின் பெண்கள் பக்கத்துக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று மனேஜர் தேடினார். வாய் திறக்கப் பயப்படும் என்னை ஏன் எடுத்தார் என்று கேட்டால், அதற்காகத்தான் எடுத்தார். எனக்கு முன்பிருந்த மட்டக்களப்புப் பெண் சில நாள் பக்கத்தில் நிறுத்திக் காட்டித் தந்தா. பிறகு கல்யாணம் முடித்துப் போய்விட்டா. நான் பழகியது அவ்வளவுதான். அதன் பிறகு கொட்டகை மூடும்வரை அந்த வாசலில் நான்தான்.

வேலை இலேசானது அல்ல. கொட்டகையின் இடது பக்கம் பெண்களுக்கு. ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே நீளமான ஒரு கறுப்புத் திரை, கம்பியில் வளையங்கள் கோர்த்துத் தொங்கும். படம் ஓடும்போது அதை ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் இருப்பவர்களுக்கு ராசாவின் பாதி முகந்தான் தெரியும். விளக்கு எரிய முன் அதை இழுத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் பெண்களின் முகம் அந்தப் பக்கம் தெரிந்துவிடும். ஆகவே ஒழுங்கு இப்படி: படம் நிற்கும். இருட்டு அப்படியே இருக்கும். நான் தட்டித் தடவித் திரையை இழுத்துக்கொண்டு போவேன். கடைசி வளையம் சுவரில் முட்டினதும் கயிற்றைப் பிடித்து மணி அடிப்பேன். மேலே மெசின் அறையில் அந்த மணி கேட்ட பிறகுதான் விளக்கு. என் மணி இல்லாமல் அந்தக் கொட்டகைக்குள் வெளிச்சம் வராது. எப்பேர்ப்பட்ட பெரிய உத்தியோகத்தர் வந்திருந்தாலும் நான் கயிற்றை இழுக்கும்வரை இருட்டில்தான் இருக்க வேண்டும். வீட்டிலோ தெருவிலோ எனக்கு அப்படி ஒரு அதிகாரம் இருந்ததில்லை.

மனேஜர் ஒரு கிறிஸ்தவத் தமிழர். மெலிந்த மனிதர், எப்போதும் லேஞ்சியால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். என் முகத்தைப் பார்த்து ஒரு சொல் அவர் சொன்னதில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தாரோ, அவருக்கே சங்கடமோ, நான் அறியேன். பெண்கள் வாசலுக்குள் ஒரு மரத்தூண் நின்றது. அதற்கு அங்கால் நின்று தூணைப் பார்த்துச் சொல்வார்: "தூணே, இண்டைக்குச் சனம் கூட. இன்னும் பாய் விரிக்கச் சொல்லு." நானும் தூணைப் பார்த்தே, "ஓம் எண்டு சொல்லு தூணே" என்பேன். ஒருநாள் இதைக் கண்ட பாத்தும்மா, "இந்தத் தூணுக்கும் சம்பளம் குடுக்காங்களாகா?" என்று கேட்டா.

ஆனால் தூணுக்குச் சொன்ன சொல்லில் அவர் பிசகியதே இல்லை. பின்னேரக் காட்சியில் அஸர் என்னும் பின்னேரத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தைப் பார்த்துத்தான் இடைவேளை விடுவார். பாங்கு கேட்கும்போது ஒரு பாட்டுச் சத்தமும் கொட்டகையிலிருந்து வெளியே போகக்கூடாது. அது எங்களுடைய பாங்கு, அவருடைய கட்டளை.

இன்னொன்றையும் தூணுக்குச் சொல்லியிருந்தார். ஆண்கள் பக்கம் வேலியோரமாக ஒரு சின்னக் கதவு இருந்தது. என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். ஊரில் மதிப்புள்ள சிலர், படம் பார்ப்பது தெரியவரக்கூடாது என்று, விளக்கணைந்த பிறகு அதால் உள்ளே வருவார்கள், விளக்கெரிய முன் போவார்கள். இடைவேளைக்கு முன் எழும்பிப் போய், அஸர் தொழுதுவிட்டு, திரும்ப விளக்கணைந்ததும் வருவார்கள். ஆனால் கடைசி ரீலைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கடைசி ரீல் தொடங்கினதும் புழுக்கம் தீர ஆண்கள் பக்கக் கதவுகளையெல்லாம் அகலத் திறந்துவிடுவார்கள், படம் நின்றதும் நான் திரை இழுப்பதற்காகச் சாத்துவார்கள். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று ஓசியில் பார்ப்பார்கள். பின்னேர வெயில் நேரே ஆண்கள் மேல் விழும். அதற்கு முன் அவர்கள் கழன்றுவிட வேண்டும். எத்தனையோ படங்களை முடிவு தெரியாமல் பார்த்த மனிதர்கள் அவர்கள்.

"தூணே," என்பார் மனேஜர், "இருட்டில வந்த மனிசரை இருட்டிலயே விட்டிரோணும். இதான் எங்கட தொழில்."

நான் யாரையும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மறைப்புக்கு இங்கால் இருந்தே கல்யாணமும் பயான் பிரசங்கமும் கேட்டு வளர்ந்த பெண்கள் நாங்கள். ஆண்களை எங்களுக்கு முகத்தால் தெரியாது. செருமலால் தெரியும், செருப்புச் சத்தத்தால் தெரியும்.

அந்த வருசம் ஒரு ராசா படம் வந்தது. பேர் வேண்டாம். கதையைச் சொல்கிறேன், கதை இல்லாமல் மிச்சம் விளங்காது. ஒரு ராசாவின் படுக்கையறையில் ஒரு ஏடு கிடக்கிறது. அதில் ஒரு பாட்டு. ராசாவுக்கு நல்லாப் பிடித்துப்போய், யார் பாடியது என்று கேட்கிறான். அரண்மனைப் புலவன் நான்தான் என்கிறான். இல்லை, நான்தான் என்று வேறொரு புலவன் வருகிறான். சபையில் இரண்டு பேருக்கும் பெரிய வாது. அப்போது மந்திரி எழும்பி, அரசே, இந்தப் பாட்டின் உள்ளர்த்தம் உங்களைப் பழிப்பது, காவலன் தூங்கக் களஞ்சியம் போகிறது என்று சொல்கிறது என்கிறான். உடனே இரண்டு புலவர்களும், என்னுடையதல்ல, அவனுடையது என்று மாறிவிடுகிறார்கள். ராசாவுக்குக் கோபம். சிங்காசனத்தில் அடித்துச் சொல்கிறான்: "பாட்டை யாத்தவர் எவரோ, அவரே அடுத்த பாட்டைப் பாடட்டும்! பாடினால் சபை அறிய மன்னிப்பு. பாடாவிட்டால் நாவறுப்பு!"

அந்த இடத்தில் ரீல் மாறும். கதவுகள் திறக்கும்.

அந்தப் படத்துக்குப் பெண்கள் பக்கம் இடமில்லாமல் நிரம்பியது. பாத்தும்மா பாய் இழைப்பதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தா. அவ கல்யாண வீடுகளில் கவி பாடுகிறவ, வாய்க்கு வேலி இல்லாதவ. "ஒரு பாட்டுக்கு ரெண்டு வாப்பா நிக்காங்க, உம்மா ஆரெண்டு ஒருத்தனும் கேட்கல்லியேகா" என்று அவ சொல்ல, பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிக்கும்.

அப்படி ஒரு பின்னேரம், கூண்டு வண்டியில் ஒருவர் வந்து இறங்கினார். முக்காட்டை மூக்குவரை இழுத்திருந்தார். காலை உள்ளே வைக்கும்போது "பிஸ்மில்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் மாப்பிள்ளையின் மவுத்து வீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த குரல். மரியம் மாமி. பெரிய மரைக்காரின் பெண்சாதி. வீட்டு வாசலைத் தாண்டாதவர்.

"சாய்ந்தமருதுக்கு ராத்தாவப் பார்க்கப் போறதெண்டு வந்திரிக்கன்," என்றார். "நீ என்னக் காணல்ல, என்ன?"

"ஓம் மாமி."

அவரை என் பக்கத்தில், தூணின் மறைவில் இருத்தினேன். படம் ஓடியது. விளக்கணைந்து கொஞ்ச நேரத்தில் வேலியோரக் கதவு திறந்து மூடியது. ஒரு வெள்ளைச் சால்வை இருட்டில் போய் இருந்தது. பிறகு ஒரு செருமல். படி ஏறி ஏறிப் போய் உச்சியில் சறுக்கி விழுவது மாதிரியான செருமல். அதை அறியாத பெண் அந்த ஊரில் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, "படக் கொட்டகை சைத்தான்ட வாசல், பொம்புளயள அங்க விடாதீங்க" என்று சொல்வதற்கு முன் அந்தச் செருமல்தான் வரும்.

மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் சதையில் அழுந்தியது.

"ஆருகா அது?"

"எனக்குத் தெரியா மாமி."

"எனக்குத் தெரியும்," என்றார். "நேத்தும் முந்தாநாளும் 'வயலுக்குப் போறன்' எண்டுதான் போனார்."

பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். குனிந்து பார்த்தேன். முக்காட்டு நுனியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கடைசி ரீல் முடியும்வரை இருந்துவிட்டுத்தான் போனார். வெள்ளைச் சால்வை அதற்கு முன்பே போய்விட்டது.

சில நாளில் அந்தக் கவி ஊருக்குள் வந்துவிட்டது. எந்த வாசலால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கிணற்றடியில் பாடினார்கள், பாய் இழைக்கும் பன் புல் காய்கிற வளவில் பாடினார்கள். பாத்தும்மா ஒரு கல்யாண வீட்டில் பாடி, அந்தச் செருமலையும் செருமிக் காட்டினா. அதோடு வந்தது வினை. பெரிய மரைக்கார் படம் பார்க்கவே இல்லை, இது அவர் மேல் கட்டிய பழி, கட்டியவள் யார் என்று விசாரணை வைக்கப்போகிறார்கள் என்று பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அகப்பட்டால் பாத்தும்மாவின் மாப்பிள்ளைக்கு மரைக்காரின் வயலில் வெள்ளாமை இல்லை. வேலியோரக் கதவைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் நானும் வரவேண்டும். பெண்கள் வாசலையே மூடிவிடச் சொல்லி மனேஜருக்கும் ஆள் போயிருந்தது.

எனக்கு அந்த நாட்கள் முழுக்க இரண்டு பயம். வாசல் மூடினால் உம்மாவுக்குக் கஞ்சிக்கு வழியில்லை, அது ஒரு பயம். மற்றப் பயம் அதைவிடப் பெரியது. அன்றைக்குப் பெண்கள் பக்கம் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால் நான் யாருடைய பேரைச் சொல்வது, யாருடைய பேரை விழுங்குவது? பொய் சொல்லப் பழக்கமில்லாத நாக்கு என்னுடையது. மரைக்காரின் பெண்சாதி கொட்டகைக்கு வந்தார் என்று சபையில் வெளிவந்தால், அந்த மனிதரின் கோபத்தில் தலாக் வார்த்தைகூட விழலாம்.

மனேஜர் தூணடியில் வந்து நின்றார். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"தூணே, விசாரணைக்குப் போகாதே எண்டு நான் சொல்ல ஏலாது. வாசலை மூடச் சொன்னா மூடத்தான் வேணும். ஆனா ஒண்டு சொல்லு. தெரியா எண்டு பொய் சொல்லவும் தேவையில்ல, தெரியும் எண்டு சொல்லவும் தேவையில்ல. மணி அடிக்காட்டி வெளிச்சம் வராது. அவ்வளவுதான்."

"ஓம் எண்டு சொல்லு தூணே," என்றேன்.

விசாரணை பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மரைக்காரின் வீட்டில் நடந்தது. அவர் வீடு என்று வாய் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவர். அந்தப் பெரிய கல்வீடு மரியம் மாமியின் வாப்பா மகளுக்குக் கட்டிக்கொடுத்தது. முன்மண்டபத்தில் மரைக்கார்மாரும் ஊர் ஆண்களும் கதிரை போட்டு இருந்தார்கள். உள்ளறையில் நாங்கள். நடுவில் ஒரு வெள்ளைத் திரை. கொட்டகையில் இருந்தது போலத்தான், கறுப்புக்குப் பதில் வெள்ளை. மாமி பெண்களுக்கு வெற்றிலை கொடுத்துவிட்டுத் தட்டோடு மூலையில் போய் இருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

செருமல் கேட்டது.

"பாத்தும்மா, நீதான் இந்தக் கவியப் பாடித் திரியிறாய்?"

"ஓம் மரைக்கார். பாடினன்."

"ஆக்கினது ஆரு?"

"காத்து. காத்துல வந்திச்சு, நான் வாயத் திறந்து வச்சிரிந்தன், உள்ளுக்குப் பெயித்து."

"பகிடிய விடு! உனக்கில்லாம வேற ஆருக்கு இந்த வாய் இரிக்கி?"

"வாய் எல்லாருக்கும் இரிக்கி மரைக்கார். எனக்குக் கதவில்ல, அவ்வளவுதான்."

ஆண்கள் பக்கம் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள். பிறகு என் முறை.

"கொட்டகை மணிக்காரப் புள்ள வந்திரிக்காவா?"

"வந்திரிக்கா," என்று பாத்தும்மா எனக்காகச் சொன்னா.

"நான் அங்க வந்ததாக் கவி சொல்லுது. நீ கண்டியா?"

நான் திரையைப் பார்த்தேன். அதில் ஒரு கிழிசல் தைத்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. அண்டைக்குப் பொம்புளப் பக்கம் ஆரார் இரிந்த? பேரச் சொல்லு. ஒவ்வொருத்தியா விசாரிப்பம்."

வாய் திறந்தால் அந்த ஒரு பேர்தான் விழும் போல இருந்தது, முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரம்பில் நடப்பது மாதிரி. பக்கத்துப் பெண் முழங்கையால் இடித்தாள். நான் கிழிசலில் இருந்த தையல்களை எண்ணினேன்.

"ஊமைக் கள்ளத்தனம்," என்றார் மரைக்கார். "வாற வெள்ளியோட அந்தப் பொம்புள வாசல மூடுறது. இந்தப் புள்ளயும் வேற தொழில் பார்க்கட்டும்."

உம்மாவின் முகம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்போதும் நான் பேசவில்லை. மூலையில் வெற்றிலைத் தட்டு மெல்ல அசைகிற சத்தம் கேட்டது.

மண்டபத்தில் இன்னொரு மரைக்கார், அண்ணனைக் கூப்பிடுவது போல, மெதுவாகச் சொன்னார்: "காக்கா, வாசல மூடினாலும் கவி மூடாதே. ஆரெண்டு அகப்பட வழியிருந்தாச் செய்வம். இல்லாட்டி விட்டிருவம்."

"வழி இரிக்கி," என்றார் பெரிய மரைக்கார். எழும்பி நின்றிருக்க வேண்டும், கதிரை பின்னால் போன சத்தம் வந்தது. பாத்தும்மாவைப் பிடிக்க நல்ல பொறி கிடைத்துவிட்ட சந்தோசம் அவர் குரலில் இருந்தது. கைத்தடியால் நிலத்தில் ஒரு குத்துக் குத்திச் சொன்னார்:

"பாட்டை யாத்தவர் எவரோ, அவரே அடுத்த பாட்டைப் பாடட்டும்! பாடினால் சபை அறிய மன்னிப்பு!"

எங்கள் பக்கம் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். 'ஆக்கினது ஆரு' என்று கேட்டுக்கொண்டிருந்த மனிதர், 'யாத்தவர் எவரோ' என்கிறார். பிறந்ததிலிருந்து அவர் வாயில் வராத சொல். அந்த இழுப்பு, அந்த நிறுத்தம், தடி விழுந்த நேரம், எல்லாம் ராசா.

பாத்தும்மா என் காதில், "றப்பே! படத்து ராசாட சொல்லல்லவாகா இது?" என்றா.

திரைக்கும் சுவருக்கும் இடையில் விரலளவு நீக்கல் இருந்தது. அதால் எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தோள்கள் குலுங்கின. யாரும் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பது? அந்தச் சொல் படத்தில் வருகிறது என்று தெரிந்தால்தான் சிரிப்பு வரும். சிரித்தவனும் படம் பார்த்தவன் ஆகிவிடுவான்.

மரைக்காருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பார்த்த படம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. கதவு திறக்கும் நேரம், எழும்பிப் போய்விட்டார். அந்தக் கட்டளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று அந்த மண்டபத்தில் அறியாதவர் அவர் ஒருவர்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். கடைசி ரீலில், அரண்மனைத் திரைக்குப் பின்னாலிருந்து ராணி அடுத்த பாட்டைப் பாடுகிறாள். பாட்டு அவளுடையது.

எங்கள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எழும்பியது. உரத்த குரல் அல்ல. தாலாட்டுப் பாடுகிற அளவுதான்.

கதவு திறக்கு முன்னால – நீங்க
காணாமப் போன ராசாவே
கடைசி ரீலக் கண்டிருந்தா – இந்தக்
கட்டளையும் போடுவீங்களா?

மூலையில் மரியம் மாமி இருந்த இருப்பில் இருந்தார். வெற்றிலைத் தட்டு மடியில் இருந்தது. பாடி முடித்த வாயை முக்காட்டு நுனியால் துடைத்தார். பாத்தும்மா ஒரு கணம் அவரைப் பார்த்தா. அடுத்த கணம் கையை வாயில் வைத்துக் குரவை போட்டா. எல்லாப் பெண்களும் சேர்ந்து குரவை போட்டோம், கல்யாண வீட்டில் போடுவது போல. அவர் குரலை வேறு யாரும் பிடித்துக்கொள்ள முன் அதை மூடிவிட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நானும் போட்டேன். பேச வராத என் வாய் அன்றைக்குக் குரவை போட்டது.

ஆண்களில் அந்தக் குரலை அறிந்தவர் ஒருவர்தான்.

குரவை அடங்கியது. பிறகு செருமல். ஏறத் தொடங்கியது, பாதிப் படியில் நின்றுவிட்டது.

"விசாரணை முடிஞ்சு," என்றார் பெரிய மரைக்கார். "மன்னிப்பெண்டா மன்னிப்புத்தான். எல்லாருக்கும் தேத்தண்ணி குடுங்க."

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனோம். பாடியது பாத்தும்மாதான் என்று ஆண்கள் நினைத்துக்கொண்டார்கள். பாத்தும்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மன்னிப்பு இருந்ததால் அவ மாப்பிள்ளைக்கு வெள்ளாமையும் போகவில்லை. பெண்கள் வாசலை மூடச் சொல்லிப் பிறகு யாரும் வரவில்லை.

படம் மாறுவதற்கு முதல் நாள் பின்னேரம் கூண்டு வண்டி மறுபடி வந்தது. மாமியை வாசலில் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏசினாரா மாமி?"

"இல்லகா. மூணு நாளா வாயே திறக்கல்ல. நேத்து சோறு திண்டு கை கழுவிப்போட்டு ஒண்டு கேட்டார். 'கடைசியில அந்த ராசா என்னதான் செய்தான்?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போய்ப் பாருங்க எண்டன்."

அன்றைக்கும் வெள்ளைச் சால்வை இருட்டில் வந்து இருந்தது. ராசா கட்டளை போட்டான். ரீல் மாறியது. கதவுகளை அகலத் திறந்தார்கள், வெயில் உள்ளே விழுந்தது, தெருச்சனம் வந்து நின்றது. நான் ஆண்கள் பக்கம் பார்க்கக்கூடாது. பார்த்தேன். சால்வையைத் தலைக்கு மேலால் போட்டு முகத்தை மூடிக்கொண்டு, அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கடைசி ரீலில் ராசா சிங்காசனத்திலிருந்து இறங்கி வருகிறான், தன் கையாலேயே திரையை ஒதுக்குகிறான், ராணியைக் கூட்டிவந்து சபையில் பக்கத்தில் இருத்துகிறான். மாமி என் மணிக்கட்டை மறுபடி பிடித்துக்கொண்டார்.

படம் நின்றது. கதவுகளைச் சாத்தினார்கள். இருட்டில் திரையை இழுத்தேன். கடைசி வளையம் சுவரில் முட்டியது. கயிறு கையில் இருந்தது. நான் அடிக்கவில்லை. ஆண்கள் பக்கம் முணுமுணுத்தார்கள், யாரோ சீட்டி அடித்தான். வேலியோரக் கதவு மெல்லத் திறந்து மூடிய பிறகுதான் கயிற்றை இழுத்தேன்.

சனம் போனபின் மனேஜர் தூணடிக்கு வந்தார். "தூணே, இண்டைக்கு மணி பிந்திப்போச்சு."

"ஓம் எண்டு சொல்லு தூணே."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அந்த ஒருநாள்தான் தூணைப் பார்க்காமல் சிரித்தார்.

வண்டியில் ஏற முன் மாமி என்னைக் கிட்டக் கூப்பிட்டுச் சொன்னது இது. பல வருசம் நான் சுமந்துகொண்டு திரிந்த கட்டளை:

"அவர் இரிக்கிற வரைக்கும் சொல்லாத. நான் இரிக்கிற வரைக்கும் சொல்லாத. பாத்தும்மாட எண்டு சனம் சொன்னாச் சொல்லட்டும், அவ அதுக்காகக் குத்துப்பட்டவ. ஆனா அது அவர் பாடினதெண்டு ஆரும் சொல்லிக் கேட்டியெண்டா, அண்டைக்குச் சொல்லு. ஏடு ராணிட, பேரெடுக்கிறவன் எவனோ எண்டு படத்துலயே காட்டினாங்கதானே."

மரைக்கார் போய்விட்டார். மாமியும் போய்விட்டார். பாத்தும்மாவும் போய்விட்டா. போன மாதம் முன்வரிசையில் எழும்பி ஒருவர் சொல்லிவிட்டார்.

றிஸானா, அந்தக் கவி மரியம் மாமியுடையது. இரண்டாவதும் அவருடையதுதான், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. இத்தனை நாள் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். மணி அடித்துவிட்டேன்.